ஒரே மாவில் பத்து இனம்

மாலை நேர டிபன் கடையில் ஒரு பெரிய அண்டா நிறைய மாவு இருக்கும். இட்லி, தோசை, ஊத்தப்பம், பணியாரம் என்று நாலு பேர் நாலு விதமாகக் கேட்டாலும் கடைக்காரர் கை போவது அந்த அண்டாவுக்குத்தான். தட்டும் கல்லும் மாறும், மேலே தூவுவது மாறும், மாவு மாறாது. யாராவது அடை கேட்டால்தான் தலையைச் சொறிவார். அதற்கு அரிசியோடு பருப்பையும் காலையிலேயே தனியாக ஊறப்போட்டு, தனியாக அரைத்து வைத்திருக்க வேண்டும்.

பாத்திரமேற்று ஆடும் ஃபேண்டசி ஆர்பிஜி கேம்களில் ஆட்டம் தொடங்கும்போது, நீங்கள் எந்த இனம் என்று கேட்டு ஒரு திரை வருமே, அதன் உள்வேலை இந்தக் கணக்குதான். மனிதன், எல்ஃப், குள்ளர், ஆர்க், பூனைமுகம், பல்லிமுகம் எல்லாம் வரிசையாக நிற்கும். எத்தனை இருக்கிறது என்று எண்ணி நாமும் மயங்குவோம். எது கல்லில் மாறியது, எது அண்டாவிலேயே மாறியது என்று பார்த்தால் கேமின் காசு எங்கே செலவானது என்பது தெரிந்துவிடும்.

முதலில் உப்பு, அதாவது எண்கள். பெதெஸ்டாவின் ஸ்கைரிமில் (2011) பத்து இனங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு திறமையில் 10 புள்ளி கூடுதல், வேறு ஐந்து திறமைகளில் ஐந்தைந்து. யாரை எடுத்தாலும் கூட்டினால் 35. இதோடு ஒன்றிரண்டு தனிச்சலுகைகள்: நார்டுக்குப் பனித் தாக்குதல் பாதிதான் உறைக்கும், பல்லிமுக ஆர்கோனியன் தண்ணீருக்குள் மூச்சுவிடுவான். அட்டவணையில் எண்ணை மாற்றினால் முடிகிற வேலை. பயன்படுத்தப் பயன்படுத்தத் திறமை வளரும் கேம் என்பதால் அந்த 35 புள்ளியும் சீக்கிரம் கரைந்துவிடும். ஆரம்ப காலத்தில் இவ்வளவு தாராளம் கிடையாது. 1974-ல் வந்த மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் விதிகளில் குள்ளர் இனத்துப் போர்வீரன் 6-ஆம் நிலையோடு நின்றுவிடுவான். மனிதனுக்கு மட்டும் வரம்பே இல்லை. அதே மரபில் லாரியன் நிறுவனம் 2023-ல் கொண்டுவந்த பால்டர்ஸ் கேட் 3-லோ, கூடுதல் புள்ளிகளை எந்த இனத்துக்காரரும் இஷ்டப்பட்ட இடத்தில் வைத்துக்கொள்ளலாம். உப்பு டப்பாவை மேசைக்கே அனுப்பிவிட்டார்கள்.

பாத்திரம் இதைவிடச் செலவு. பணியாரத்துக்குக் குழிக்கல் வேண்டும். கேமில் அந்தக் கல், உடலைத் தாங்கும் எலும்புக்கூடு. மனிதனுக்கும் எல்ஃபுக்கும் ஆர்க்குக்கும் ஒரே கல் போதும்: உயரத்தைக் கூட்டிக் குறைத்து, காதை நீட்டி, தோலுக்குப் பச்சை பூசினால் ஆயிற்று. வாலும் விலங்குக் காலும் வந்தால்தான் தகராறு. நடையைப் புதிதாக அசைத்துப் பார்க்க வேண்டும், கேமில் உள்ள ஒவ்வொரு கவசத்தையும் அந்த உடலுக்கு ஏற்றபடி மறுபடி செய்ய வேண்டும். ஸ்கைரிமுக்கு முன்பு அதே வரிசையில் வந்த மோரோவிண்டில் (2002) பூனைமுகக் காஜீட்டும் ஆர்கோனியனும் விலங்கு போல முன்பாதத்தில் நடந்தார்கள். அந்தக் காலுக்குத் தோதான பூட்ஸ் செய்வதற்குப் பதிலாக, இவர்கள் பூட்ஸே போட முடியாது என்று விதி வைத்துவிட்டார்கள். முகத்தை மூடும் தலைக்கவசமும் கிடையாது. 2006-ல் அடுத்த கேமான ஒப்லிவியன் வந்தபோது இருவருக்கும் மனிதக் கால். பூட்ஸ் பொருந்தியது, அந்த நடை போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். பூட்ஸ் இல்லாத அசௌகரியத்தில்தான் நாம் வேறு உடலில் இருக்கிறோம் என்பது உறைத்தது.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். ஸ்கைரிமின் எஞ்சினில் ‘ரேஸ்’ என்ற பதிவு, நமக்குக் காட்டும் பத்தோடு நிற்பதில்லை. குதிரை ஒரு ரேஸ், நண்டு ஒரு ரேஸ், டிராகன் ஒரு ரேஸ். குழந்தைகளுக்குத் தனி, முதியவர்களுக்குத் தனி. நம் ஆள் ஓநாய்மனிதனாக மாறும்போது அவனுடைய ரேஸைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுகிறது எஞ்சின். எந்த எலும்புக்கூடு, எவ்வளவு உயரம், என்ன தனித்திறன் என்று எழுதிய சீட்டு, அவ்வளவே. வரலாறு, வன்மம், பாட்டன் பூட்டன் எதுவும் அந்தச் சீட்டில் கிடையாது.

அவற்றை வசனத்தில்தான் கொண்டுவர வேண்டும். ஊத்தப்பத்தின் மேல் வெங்காயம் தூவுவது மாதிரி, பேச்சின் மேல் இனத்தைத் தூவலாம். ஒரு வரிக்கு முன்னால் ஒரு நிபந்தனை: ஆட்டக்காரர் ஆர்க்கா? ஆமென்றால் இதைச் சொல், இல்லையென்றால் அடுத்ததற்குப் போ. ஸ்கைரிமின் தொடக்கத்தில், தலைவெட்டு வரிசையில் நிற்கும் நம்மை நிமிர்ந்து பார்த்து, பெயர்ப் பட்டியலோடு நிற்கும் ஹாட்வார் நம் இனத்துக்கென்றே ஒரு வரி பேசுகிறான். இந்த உலகம் நம்மைக் கவனிக்கிறது என்ற நினைப்பு உடனே வந்துவிடும். அந்த நினைப்பிலேயே நாம் பல மணி நேரம் ஓட்டுவோம் என்று தெரிந்துதான் முதல் வாயிலேயே அவ்வளவு வெங்காயம். அப்புறம் குறைந்துவிடுகிறது. ஆர்க்காக இருந்தால் ஆர்க் கோட்டைகளுக்குள் நேரே நுழையலாம், மற்றவர்கள் ஒரு வேலை முடித்துக் கொடுத்தால்தான் அனுமதி. இப்படி அங்கங்கே சில.

தூவாமல் விட்ட இடம் வாய்க்குத் தெரிகிறது. ஸ்கைரிமின் நகரங்கள் காஜீட் வணிகர்களை உள்ளே விடுவதில்லை. அவர்கள் மதிலுக்கு வெளியே கூடாரம் போட்டுக் கடை விரிக்கிறார்கள், அதைப் பற்றிப் புலம்பவும் செய்கிறார்கள். நாம் காஜீட்டாக ஆடினால்? எல்லாரிடமும் கேட்பதையே காவலர் நம்மிடமும் கேட்கிறார், உள்ளே போகிறோம், வீடுகூட வாங்குகிறோம். விண்ட்ஹெல்மில் ஆர்கோனியர்கள் துறைமுகத்தோடு நிற்க வேண்டும் என்பது சட்டம். ஆர்கோனியனாக ஆடுபவரோ அரண்மனைக்குள் நடந்துபோய், அந்த நகரத்தின் தலைவன் உல்ஃப்ரிக்கின் படையிலேயே சேர்ந்துவிடலாம். எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. கதவை உண்மையாகவே சாத்தினால் முதன்மைக் கதை நகரத்துக்குள் நிற்கிறது, நாயகன் வெளியே நிற்கிறான். அந்த ஓர் இனத்துக்காகக் கதையை வேறு வழியில் கொண்டுபோக வேண்டும். அதற்கு வேறு மாவு அரைக்க வேண்டும்.

பயோவேர் நிறுவனம் ஒரு முறை அரைத்தது. டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸில் (2009) மூன்றே இனங்கள்: மனிதன், எல்ஃப், குள்ளர். ஆனால் ஆறு தொடக்கங்கள், ஒவ்வொன்றும் தனிக் கதை. நகரச் சேரி எல்ஃபின் கதை அவள் கல்யாண நாளன்று தொடங்குகிறது, பிரபுவின் மகன் ஆட்களோடு வந்து பெண்களைத் தூக்கிப்போகிறான். குள்ளர்களிடம் சாதி உண்டு. சாதிக்கு வெளியே பிறந்தவர்களின் முகத்தில் பச்சை குத்தி அடையாளம் வைக்கிறார்கள். ஆறு கதையும் ஆஸ்டகார் கோட்டைக்கு வந்ததும் ஒரே அண்டாவில் விழுகின்றன. அதன்பிறகு பெரும்பகுதி எல்லாருக்கும் பொதுதான்.

ஆனாலும் ருசி மறையவில்லை. ஓர்ஸமார் என்ற குள்ளர் நகரில் அரியணைச் சண்டை ஒன்று வரும். மனிதனாக ஆடினால் அது யாரோ இருவரின் தகராறு, ஒருவரை ஆதரித்துவிட்டுப் படையை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். குள்ள இளவரசனாக ஆடினால் போட்டியிடும் பெலென் நம் சொந்தத் தம்பி, நம்மைக் கொலைப்பழியில் மாட்டிவிட்டு நாடுகடத்த வைத்தவன். சாதியற்ற குள்ளராக ஆடினால், அதே பெலெனின் குழந்தைக்குத் தாய் நம் அக்கா ரிக்கா. நகரமும் சண்டையும் முடிவும் அதே. புதிதாகச் சேர்த்தது சில காட்சிகளும் சில நூறு வரிகளும்தான் இருக்கும், அவற்றை ஊறப்போட்டது முதல் அத்தியாயத்தில். கடைசியில், மனிதப் பிரபுவாக ஆடியவர்தான் அரசி அனோராவை மணந்து அரியணைக்குப் பக்கத்தில் உட்கார முடியும். எல்ஃபுக்கும் குள்ளருக்கும் அந்தக் கதவு சாத்தியே இருக்கிறது. ஸ்கைரிம் சாத்தத் தயங்கியதை இது கூசாமல் சாத்துகிறது. பத்து இனத் திரையை விட இந்த மூன்றே எனக்குப் பிடிக்கிறது.

அந்தக் கேமில் நாயகனுக்குக் குரல் இல்லை, வரிகளைத் தேர்ந்தெடுப்பதோடு சரி. அதனால்தான் ஆறு கதையும் கட்டுப்படியாயிற்று. 2011-ல் டிராகன் ஏஜ் 2 நாயகனுக்குக் குரல் கொடுத்தது, ஹாக் என்று பெயரும் அம்மாவும் உடன்பிறப்புகளும் கொடுத்தது. இனத் தேர்வை எடுத்துவிட்டது. மனிதன் மட்டும்தான். 2014-ல் இன்க்விசிஷன் நான்கு இனங்களோடு திரும்பியபோது, கொம்புள்ள குனாரியும் கழுத்தளவு குள்ளரும் அதே குரல்களைத்தான் பகிர்ந்துகொண்டார்கள். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு இரண்டு.

பால்டர்ஸ் கேட் 3 உரையாடல்களில் நாயகனை மறுபடி ஊமையாக்கி, மிச்சம் பிடித்ததைத் தூவலில் கொட்டியது. அதில் பாதாள எல்ஃபான டிராவாக ஆடிப்பாருங்கள். மற்றவர்கள் சண்டை போட்டோ பொய் சொல்லியோ கடக்க வேண்டிய கோப்லின் காவலை, டிராவ் என்ற ஒரே தகுதியில் கடந்துவிடலாம். கோப்லின்கள் வணங்கி வழிவிடுகின்றன, ஏனென்றால் அந்த முகாமின் தலைவர்களில் ஒருத்தியான மின்தாராவும் ஒரு டிராவ்.