எட்டுப் பேட்டைகள் கொண்ட கல்லீரல்



பெரிய அச்சம் ஒன்று வந்துவிட்டால் “ஈரக்குலை நடுங்குகிறது” என்று நம் பாட்டிமார் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். நம் புதுவையை ஒரு காலத்தில் ஆண்ட பிரெஞ்சுக்காரரும் தங்கள் பேச்சு வழக்கில் அச்சத்தைச் சொல்ல ஈரலைத்தான் இழுப்பார்களாம். அச்சத்திற்கும் ஈரலுக்கும் என்ன உறவோ, நாம் அறியோம். ஆனால் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீடு ஈரலைப் பற்றிய ஓர் எண்ணைக் கண்டே ஓர் இரவு முழுவதும் நடுங்கியது.

அவளுடைய தாத்தாவுக்குப் பல நாட்களாக விடாத காய்ச்சல். வலப்பக்க விலாவின் கீழ் வலி. சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மாலையில் கைக்கு வந்த அறிக்கையில் “செக்மெண்ட் 7” என்று இருந்தது. அதை யாரோ “ஏழாம் கட்டம்” என்று படித்துவிட்டார்கள். “நாலாம் கட்டம் என்றாலே கைவிரித்துவிடுவார்களே, ஏழாம் கட்டம் என்றால் என்ன செய்வது?” என்று பாட்டி அழத் தொடங்க, வீடே அழுதது. மறுநாள் காலையில் மருத்துவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: “அம்மா, இது நோயின் கடுமையைக் குறிக்கும் எண் அல்ல. ஈரலில் சீழ்க்கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் முகவரி.” ஊசி வழியே சீழை வடித்தார்கள்; மருந்தும் கொடுத்தார்கள். தாத்தா இப்பொழுது நலமாக இருக்கிறார்.

முகவரி என்றால் ஈரலுக்குள் தெருக்களும் உண்டா? அன்று எங்களுக்குப் பிறந்த இந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

கல்லீரல் நம் உடலின் உள்ளுறுப்புகளில் மிகப் பெரியது. வளர்ந்தவர்களுக்கு அது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையிருக்கும். பன்றி, நாய் ஆகியவற்றின் ஈரல் ஆழமான பிளவுகளோடு தனித்தனி மடல்களாகத் தெரியும். மனிதனின் ஈரலோ வெளிப்பார்வைக்கு வழவழப்பான ஒரே பிண்டம். அதன் முன்புறத்தில் ஓடும் ஒரு மெல்லிய சவ்வை எல்லையாக வைத்து, பெரியதை வலமடல் என்றும் சிறியதை இடமடல் என்றும் பழைய நூல்கள் பிரித்தன. அது வெளித் தோற்றத்தை வைத்துப் போட்ட எல்லைதான். உள்ளே இரத்தம் ஓடும் வழி வேறு.

இதனை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கேன்ட்லி என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். ஹாங்காங்கில் பணியாற்றியபோது, இறந்த ஒருவரின் ஈரலில் வலப்பகுதி சுருங்கியும் இடப்பகுதி பருத்தும் இருக்கக் கண்டார். இரண்டிற்கும் நடுவே இருந்த எல்லை பழைய சவ்வின் வழியே செல்லவில்லை. பித்தப்பையிலிருந்து கீழ்ப் பெருஞ்சிரையை நோக்கிச் சென்றது. 1897-ஆம் ஆண்டில் அவர் இதனை அறிவித்தார். இன்றும் அந்த எல்லைக்கு அவர் பெயரே வழங்குகிறது.

அடுத்து, பிரெஞ்சு ஆட்சியின் கீழ் நம்மைப் போலவே இருந்த வியத்நாமில், ஹனோய் நகரில் தோன் தாட் துங் என்னும் இளம் மருத்துவர் 1930-களில் இறந்தோரின் ஈரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே கிளைக்கும் குழாய்களைப் பொறுமையோடு வரைந்தார். பின்னர் பாரிசில் க்ளோத் குயினோ என்பவர் ஈரலின் குழாய்களுக்குள் பிளாஸ்டிக் குழம்பைச் செலுத்தி, அது இறுகியதும் சதையை அமிலத்தால் கரைத்தார். குழாய்களின் அச்சு மட்டும் பவளக்கொடி போல எஞ்சி நின்றது. இத்தகைய அச்சுகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்து 1957-இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர் ‘லெ ஃபுவா’. ‘கல்லீரல்’ என்பதே அதன் பொருள். ஈரலில் எட்டுக் கூறுகள் உண்டு என்று அந்நூல் எண்ணிட்டுக் காட்டியது. உலகெங்கும் மருத்துவர்கள் இன்று எழுதும் எண்கள் அவையே.

நம் பாட்டிமார் ‘குலை’ என்று சொன்ன சொல்லை இங்கே நினைத்துப் பார்ப்போம். வாழைக்குலையில் ஒரு தண்டு. அதிலிருந்து பல சீப்புகள். ஒரு சீப்பை அறுத்து எடுத்தால் மற்றச் சீப்புகள் கெடுவதில்லை. ஈரலும் அவ்வாறே அமைந்திருக்கிறது. குடலிலிருந்து உணவுச் சத்தைச் சுமந்து வரும் வாயிற்சிரை, உயிர்வளி நிறைந்த இரத்தத்தைத் தரும் கல்லீரல் தமனி, பித்தத்தை வெளியேற்றும் பித்தநாளம் ஆகிய மூன்றும் ஒன்றாகவே கிளைத்து, ஒவ்வொரு கூறின் நடுவிலும் நுழைகின்றன. ஈரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு வாயிற்சிரையின் வழியே வருகிறது. வேலை முடிந்த இரத்தத்தை மூன்று கல்லீரல் சிரைகள் சேர்த்துக்கொண்டு கீழ்ப் பெருஞ்சிரையில் கொட்டுகின்றன. இந்த மூன்று சிரைகளும் கூறுகளின் நடுவே போகாமல் அவற்றிற்கு இடையே உள்ள எல்லைகளில் ஓடுகின்றன. படத்தைப் படிப்பதற்குரிய திறவுகோல் இதுதான்.

எட்டுக் கூறுகளை மனத்தில் இருத்த நம் ஊரின் வரைபடமே போதும். வடக்கு மேலே இருக்குமாறு புதுவை வரைபடத்தை விரியுங்கள். வலப்புறம் கடல், இடப்புறம் அண்ணா சாலை. நடுவில் தெற்கு வடக்காக மூன்று கோடுகள்: பெரிய வாய்க்கால், மிஷன் வீதி, மகாத்மா காந்தி வீதி. இவை மூன்றும் இட, நடு, வலக் கல்லீரல் சிரைகள் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே கிழக்கு மேற்காகச் செல்லும் நேரு வீதியைக் கடல் வரை நீட்டிக்கொள்வோம். அது இடமும் வலமுமாகப் பிரியும் வாயிற்சிரை. ஒருவரை நேருக்கு நேர் பார்க்கும்போது அவருடைய இடப்பக்கம் நமக்கு வலமாகத் தெரியும் அல்லவா? ஆகவே கடற்கரைப் பக்கமே ஈரலின் இடப்பக்கம்.

இப்பொழுது எண்ணுவோம். கடலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் வடபாதி 2, தென்பாதி 3. வாய்க்காலுக்கும் மிஷன் வீதிக்கும் நடுவில் உள்ளது 4. இதன் வடபாதியை 4-அ என்றும் தென்பாதியை 4-ஆ என்றும் கொள்ளலாம். மிஷன் வீதிக்கும் காந்தி வீதிக்கும் நடுவில் தென்பாதி 5. காந்தி வீதிக்கும் அண்ணா சாலைக்கும் நடுவில் தென்பாதி 6. அதற்கு மேல் வடபாதி 7. திரும்பக் கிழக்கே வந்தால் 5-க்கு மேலே 8. கடிகார முள் செல்லும் திசையிலேயே எண்கள் சுற்றி வருவதைக் கவனியுங்கள். ஒன்றாம் எண் எங்கே? அது முன்னிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல், ஈரலின் பின்புறம் கீழ்ப் பெருஞ்சிரையை அணைத்தபடி ஒளிந்திருக்கிறது. அதன் இரத்தம் பெரும்பாலும் சிறு சிரைகள் வழியாக நேரே பெருஞ்சிரைக்குப் போகிறது. மூன்று கல்லீரல் சிரைகளும் அடைபட்டுப் போகும் அரிய நோயில், மற்றக் கூறுகள் நலியும்போது இந்த ஒன்றாம் கூறு பல வேளைகளில் பிழைத்துப் பருத்து நிற்பது அதனால்தான்.

உயிரோடு இருப்பவரின் ஈரலை அறுக்காமலே இவ்வளவையும் காண்பது எப்படி? அதற்கு வழி செய்தவர் மருத்துவர் அல்லர். காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்னும் ஆங்கிலப் பொறியாளர். உடலைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, வெளிவரும் அளவுகளைக் கணிப்பொறியில் கணக்கிட்டு, அப்பத்தைத் துண்டு போட்டது போன்ற குறுக்குவெட்டுப் படங்களை அவர் உண்டாக்கினார். 1971 அக்டோபர் 1-ஆம் நாள் இலண்டனில் முதல் நோயாளியின் மூளை இவ்வாறு படம் பிடிக்கப்பட்டது. இதற்குரிய கணக்கைத் தனியே ஆராய்ந்த ஆலன் கார்மாக் ஓர் இயற்பியலார். 1979-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு இவ்விருவருக்கும் கிடைத்தது. கணக்குப் பாடம் எதற்கு உதவும் என்று கேட்கும் தோழியர் இதனை நினைவில் கொள்க!

படத்தில் எலும்பு வெளுப்பாகவும் காற்று கறுப்பாகவும் ஈரல் சாம்பல் நிறமாகவும் தெரியும். வெறுமனே எடுத்தால் ஈரலின் குழாய்கள் அவ்வளவாகத் துலங்குவதில்லை. ஆகவே கைச்சிரையில் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி, ஒரு நிமிடத்திற்குச் சற்று மேல் கழித்துப் படம் எடுக்கிறார்கள். அப்பொழுது சிரைகள் வெண்ணிறக் கிளைகளாகப் பளிச்சிடும். நோயாளியின் காலடியில் நின்று தலையை நோக்குவது போலவே படம் அமைக்கப்படுகிறது. ஆகவே அவருடைய வலப்பக்கம் நமக்கு இடப்பக்கம். ஈரலின் பெரும்பகுதி படத்தின் இடப்புறம் இருக்கும்.

இனி மேலிருந்து கீழாக மூன்று படிகள் இறங்குவோம்.

முதற்படி, ஈரலின் உச்சி. மூன்று கல்லீரல் சிரைகள் காக்கையின் கால்விரல்கள் போல வந்து பெருஞ்சிரையில் கூடுவதைக் காணலாம். வலச்சிரைக்குப் பின்னால் இருப்பது 7. வலச்சிரைக்கும் நடுச்சிரைக்கும் இடையில் 8. நடுச்சிரைக்கும் இடச்சிரைக்கும் இடையில் 4-இன் மேற்பாதி. இடச்சிரைக்கு அப்பால் 2.

இரண்டாம் படி, வாயிற்சிரை பிரியும் மட்டம். இடக்கிளை சற்று மேலாகவும் வலக்கிளை சற்றுக் கீழாகவும் தோன்றும். நம் ‘நேரு வீதி’ இதுதான். இதனைத் தாண்டியதும் பேட்டைகளின் எண்கள் மாறுகின்றன. பெருஞ்சிரைக்கு முன்னால் ஒட்டியிருக்கும் 1-ஐயும் இந்த மட்டத்தில் காணலாம்.

மூன்றாம் படி, பித்தப்பை தெரியும் மட்டம். பித்தப்பைக்கு நோயாளியின் வலப்புறம் 5. இடப்புறம் 4-இன் கீழ்ப்பாதி. பின்னால் வலச் சிறுநீரகத்தின் அருகே 6. இடக்கோடியில் 3. இங்கே 4-க்கும் 3-க்கும் எல்லையாக நிற்பது சிரை அன்று. பழைய நூல்கள் சொன்ன அந்தச் சவ்வு பதிந்திருக்கும் பிளவு.

எல்லோருடைய ஈரலும் அச்சில் வார்த்தாற்போல ஒன்றாக இருக்காது. சிலருக்குச் சிரைகள் வேறு விதமாகக் கிளைக்கும். ஆகையால் மருத்துவர்கள் ஒரே படத்தைக் கொண்டு முடிவு சொல்வதில்லை. ஒரு சிரையைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் பல படங்களில் தொடர்ந்து பார்த்த பிறகே கூறின் எண்ணை எழுதுகிறார்கள்.

இந்த எண்களால் விளைந்த நன்மைக்கு நம் பக்கத்து ஊரே சான்று. காஞ்சிபுரத்தில் ஒரு குழந்தை, பித்தநாளங்கள் அடைபட்ட நிலையில் பிறந்தது. அதன் ஈரல் கெட்டுக்கொண்டே வந்தது. உயிரோடிருக்கும் ஒருவரின் ஈரலிலிருந்து பகுதி எடுத்து வைக்கும் சிகிச்சை 1989-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் முதல் வெற்றி கண்டிருந்தது. அங்கே தாய் தன் மகனுக்குத் தந்தாள். 1998 நவம்பரில் புது தில்லியிலுள்ள இந்திரப்பிரஸ்தா அப்பல்லோ மருத்துவமனையில், காஞ்சிபுரத்துத் தந்தை தன் ஈரலின் ஒரு பகுதியைத் தம் குழந்தைக்குக் கொடுத்தார். அப்பொழுது அதற்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் கல்லீரல் மாற்றுச் சிகிச்சைகளுள் அது இடம்பெற்றது. அந்தக் குழந்தை வளர்ந்து, படித்து, தானே மருத்துவராகிவிட்டது!

இத்தகைய சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் 2, 3 ஆகிய கூறுகளையே எடுத்து வைப்பார்கள். தனிக் காம்பு உடைய சீப்பாக அவை இருப்பதனால்தான் எடுத்த பகுதியும் வாழ்கிறது. எஞ்சிய பகுதியும் வாழ்கிறது. கொடுத்தவரின் ஈரலில் மிச்சமுள்ள கூறுகள் சில மாதங்களில் பருத்துக் குறையை ஈடுசெய்கின்றன. எங்கே வெட்ட வேண்டும், எவ்வளவு மிஞ்சும் என்பவற்றைக் கத்தி எடுப்பதற்கு முன்பே சி.டி. படத்தில் அளந்துவிடுகிறார்கள்.

உடல் ஒன்று, உறுப்புகள் பல என்று புனித சின்னப்பர் கொரிந்து நகர மக்களுக்கு எழுதியதை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். ஒரே உறுப்புக்குள்ளும் எட்டுப் பகுதிகளை அமைத்து, ஒன்று நோயுற்றால் மற்றவை தாங்கும்படி இறைவன் படைத்திருப்பதை எண்ணி வியக்கிறோம்.

தோழியரே, நாளை நம் வீட்டிலும் ஒருவருக்கு இத்தகைய அறிக்கை வரலாம். செக்மெண்ட் 5 என்றோ 8 என்றோ கண்டால், அது நோய் இருக்கும் பேட்டையின் எண் என்று பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்வோம். என்ன நோய், எவ்வளவு கடுமை என்பவற்றை மருத்துவரிடமே கேட்டறிவோம். பழைய படங்களையும் அறிக்கைகளையும் எறிந்துவிடாமல் பத்திரப்படுத்தி உடன் எடுத்துச் செல்வோம். அவற்றோடு ஒப்பிட்டால்தான் நோய் வளர்ந்ததா, குறைந்ததா என்பது விளங்கும். அன்றிரவு எங்கள் தோழியின் வீட்டில் இதனைச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், அந்தப் பாட்டி நிம்மதியாக உறங்கியிருப்பார்.