தீவகத்து வைக்கோலும் கட்டுப்பொறியும்

வேலணைத் தீவின் கடலோரச் சிற்றூராகிய சாட்டியிலும் அதன் அயலூர்களிலும் நெற்செய்கை மாரிமழையையே நம்பியது. தை, மாசியில் அரிவிவெட்டு முடிந்தால், அடுத்த பெருமழை ஐப்பசியிலேதான். இடையிற் புல் கருகும், சோளகம் வீசும். அம்மாதங்களில் மாடுகளின் உயிரைக் காப்பது வைக்கோலே.

முன்னோர் இதற்குக் கண்ட வழி பட்டடை. பனங்குற்றிகளை அடியிற் பரப்பி, சூடுமிதித்த நெடுந்தாள்களைச் சுற்றியடுக்கி, முடியைக் கூம்பாக்கி, மழைநீர் உள்ளிறங்காது வழிந்தோடச் செய்தனர். வைக்கற்பட்டடை நாயைப் பழித்த சமூகம் பட்டடையின் அருமையையும் அறிந்திருந்தது போலும்! அறுவடை இயந்திரமோ தாளை நசுக்கி, முறித்து, வயலில் வரிசையாக உதறிச் செல்கின்றது. முறிந்த தாள் ஒன்றோடொன்று பிணையாது. அதனால் எழுப்பிய பட்டடை காற்றுக்கு நில்லாது. ஆதலின் அது வயலிலே கிடந்து மக்குகின்றது, அன்றேல் எரிக்கப்படுகின்றது. மக்கினால் மண்ணுக்கு உரமாகும் என்பது மெய்யே. எரிப்பதில் நைதரசனின் பெரும்பகுதி புகையோடு போகின்றது. மாடு தின்று எருவாக மீள்வதே தீவகத்துக்கு இலாபம்.

இவ்விடத்தே உதவுவது கட்டுப்பொறி. உருளைக்கட்டு இயந்திரத்துக்கு அமெரிக்கராகிய உம்மோ லூபன் 1910இல் ஆக்கவுரிமை பெற்றார். பொறியின் பற்கள் தாளை வாரி எடுக்க, உருளைகள் அதனைச் சுழற்றி இறுக்கும். அறை நிறைந்ததும் கயிறு சுற்றப்படும். பின்கதவு திறந்து கட்டு வெளியே விழும். அல்ப்ஸ் மலைச்சரிவின் சிறு புல்நிலங்களுக்கென, லாண்ட்மாஸ்டர் என நம்மவர் வழங்குவது போன்ற இருசில்லு இயந்திரத்தோடு பூட்டும் சிறுபொறிகளும் இத்தாலியில் ஆக்கப்பட்டுள்ளன. வரம்புகள் நெருங்கிய தீவக வயல்களுக்குப் பொருந்துவன இத்தகையனவே. அதற்கும் வசதியில்லாதவர் மரப்பெட்டியொன்றில் முன்னரே கயிறிட்டு, வைக்கோலை நிரப்பி, நெம்புகோலால் அழுத்திக் கட்டலாம். வேலை மெதுவானது, செலவோ சிறிது.

சிறுபொறியின் கட்டு ஏறத்தாழ 15 முதல் 25 கிலோகிராம் நிறையுடையது, ஒருவர் தூக்கக்கூடியது. நெடுந்தீவுக்கு வைக்கோல் அனுப்புவதாயின் குறிகாட்டுவானில் வள்ளம் ஏற்றவேண்டும். உதிரி வைக்கோல் வள்ளத்தை நிறைக்கும், நிறையோ சொற்பம். கட்டாயின் அதே இடத்திற் பன்மடங்கு கொள்ளும்.

ஈரமே பெரும்பகை. ஈரப்பதன் நூற்றுக்குப் 15இன் மேற்பட்ட தாளைக் கட்டினால் உள்ளே வெப்பமேறிப் பூஞ்சணம் பிடிக்கும். பனி உலர்ந்தபின், நண்பகலையொட்டிக் கட்டுதல் நன்று. கடற்காற்றின் ஈரம் தாக்காதவாறு கூரையின் கீழ்ப் பனங்குற்றிமேல் அடுக்கவேண்டும். பழைய பட்டடையின் அடித்தளம் இங்கும் வேண்டப்படுகின்றது. தீனியிடுமுன் பிளாஸ்டிக் கயிற்றை முழுவதும் உருவி எடுத்தல் வேண்டும். அது மாட்டின் இரைப்பையிற் சிக்கினால் செமியாது தங்கிவிடும்.