வயலின் வடிநீரும் களப்பின் பறவைகளும்

கெலிஓயா வயல்களிலும் மரக்கறித் தோட்டங்களிலும் இருந்து வடியும் நீர் மகாவலி கங்கையைச் சேர்ந்து, திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவிற் கடலடைகின்றது. வடிநீர் சென்று சேருமிடத்தில் யாது விளையும் என்பதைக் கமக்காரர் அறிதற்கு அம்பாந்தோட்டை மாவட்டத்துப் புந்தலக் களப்புக்கள் தக்க சான்றாகும்.

ஆழங் குறைந்த இக்களப்புக்களின் உவர் நீரில் வளரும் இறாலும் சிற்றுயிர்களும் பறவைகளுக்கு உணவாகும். வட நாடுகளிற் குளிர் மிகும்போது கரைப்பறவைகள் பல இங்கு வந்து தங்கும். 1990ஆம் ஆண்டில் இவ்விடம் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாயிற்று. 1993இல் தேசியப் பூங்காவாயிற்று. பறவை காண வரும் உல்லாசப் பயணிகளால் ஊரவரும் வருவாய் பெறுகின்றனர்.

1980களிற் கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத் திட்டத்தால் மேற்புறத்தில் வயல்கள் பெருகின. அவற்றின் வடிநீர் எம்பிலிகல, மலல என்னும் களப்புக்களிற் பாய்ந்தது. நன்னீர் மிகவே உவர் குறைந்தது, இறால் அருகிற்று. பெருங் கூட்டமாய் வந்த பூநாரைகளின் வரவும் காலப்போக்கிற் குன்றியது. வயலில் இட்ட பசளையும் அந்நீருடன் களப்பையடைந்தது.

ஓடிப்போகும் பசளை பறவைக்குக் கேடு, கமக்காரருக்கோ நட்டம். எனவே பின்வருவனவற்றைக் கைக்கொள்ளல் நன்று:

1. வரம்பிலுள்ள நண்டுத் துளைகளை அடைத்தல் வேண்டும்.
2. பெருமழை வருமெனத் தோன்றும் நாளில் யூரியா இடலாகாது.
3. பசளையிட்ட பின் சில நாட்களுக்கு வக்கடையைத் திறத்தல் கூடாது.
4. மரக்கறிப் பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்தல் வேண்டும்.
5. மருந்து தெளிகருவியை ஓடையிற் கழுவலாகாது.

வரம்புக்குள் நிற்கும் பசளையே நெல்லாகும்.