கம்பிவழி இணையமும் வேகக் குறைவும்

மடிக்கணினியைக் கம்பிவழி இணைத்த பின்னும் இணையத்தின் வேகம் குன்றுமாயின், சிலர் சேவை நிறுவனத்தைக் குறை கூறுவர். சிலர் புதுக் கணினி வாங்க முற்படுவர். காரணம் காணுமுன் செய்யும் செலவு வீண் செலவே. சில வெள்ளி விலையுள்ள ஒரு கம்பியே குறைக்குக் காரணமாய் இருத்தலும் உண்டு.

முதற்கண் அளவையைத் தெளிதல் வேண்டும். இணைய வேகம் ‘பிட்’ கணக்கிலும், கோப்பின் அளவு ‘பைட்’ கணக்கிலும் கூறப்படுகின்றன. 8 பிட் கொண்டது 1 பைட். ஆகவே, நொடிக்கு 1000 மெகாபிட் செல்லும் இணைப்பில் கோப்பு நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் வந்து சேராது. இவ்வேறுபாட்டை அறியாதார், இல்லாத குறையை இருப்பதாக எண்ணி மயங்குவர்.

இனி, கம்பியின் இயல்பைக் காண்போம். ‘ஈதர்நெட்’ என்னும் இம்முறை 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் இராபர்ட் மெட்காஃபின் சிந்தையில் உருப்பெற்றது. இன்று வீடுகளில் வழங்கும் கம்பியினுள் 8 செப்பு இழைகள், இரண்டிரண்டாக முறுக்கப்பெற்று, 4 இணைகளாக உள்ளன. அம்முறுக்கு, புறத்திலிருந்து வரும் மின் இடையூற்றைத் தணிக்கிறது. 100 மெகாபிட் வேகத்திற்கு 2 இணைகளே போதும். 1999-இல் வரையறுக்கப்பெற்ற 1000 மெகாபிட் முறைக்கோ 4 இணைகளும் வேண்டும்.

எஞ்சிய 2 இணைகளில் ஓரிழை பழுதுற்றாலும், கருவிகள் பல 1000-ஐக் கைவிட்டு 100-க்கு இறங்கிவிடும். இணைப்பு அறாமையால் குறை வெளியே தெரிவதில்லை. வேகச் சோதனை 94, 95 மெகாபிட் அளவிலேயே நின்றுவிடுமாயின் இதனை ஐயுறலாம். கணினியின் பிணைய அமைப்பில் இணைப்பு வேகம் 100 எனக் காணப்படின் ஐயம் வலுப்பெறும்.

அப்பொழுது 5ஈ வகை அல்லது அதனினும் உயர்ந்த வகைக் கம்பியை மாற்றிப் பார்க்க வேண்டும். அதனாலும் பயனில்லையெனில், ரௌட்டரில் வேறு துளையில் செருகுக. கணினியின் பிணையத் துளையோ ரௌட்டரோ 100 மெகாபிட்டுக்கு மட்டுமே அமைந்ததா என்பதையும் காண்க. யுஎஸ்பி 2.0 வழியாக இணைக்கும் துணைக்கருவியாயின், அதன் உச்ச வரம்பு 480 மெகாபிட்டே ஆகும்.

இணைப்பு வேகம் 1000 எனக் காட்டியும் தாமதம் நீடிப்பின், அதே கம்பியில் வேறொரு கணினியை இணைத்து அளக்க வேண்டும். அது விரைந்து இயங்கினால் குறை மடிக்கணினியினுடையது. விபிஎன், பாதுகாப்பு மென்பொருள், பிணைய இயக்கி ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்தல் தகும். அதுவும் மெதுவாயின், ரௌட்டரையோ நிறுவனத்தின் இணைப்பையோ ஐயுறலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து, குறித்து வைத்தல் இன்றியமையாதது. பலவற்றை ஒருங்கே மாற்றினால், குறை நீங்கினும் அதன் காரணம் விளங்காது. அளந்து குறித்த கணக்கைக் கையில் கொண்டு முறையிடுவோரின் சொல்லை நிறுவனமும் எளிதில் தட்டிக் கழிக்க இயலாது.