நுரை கட்டும் நேரம்

கல்யாணப் பந்தியில் ரசம் வரும்போது கையைக் குவித்து வாங்கிக் குடிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ‘இந்த மணம் நம் வீட்டு ரசத்தில் ஏன் வருவதில்லை?’ என்ற பேச்சும் அதே பந்தியிலேயே எழும். பலர் பழியைப் பொடியின் மேல் போட்டுவிட்டு, அடுத்த மாதம் வேறு பாக்கெட் வாங்குகிறார்கள். பருப்பு ரசத்துக்குப் பொடி முக்கியம்தான். ஆனால் பருப்பு எந்தப் பதத்தில் வெந்திருக்கிறது, அடுப்பை எந்த நேரத்தில் அணைக்கிறோம் என்ற இரண்டும் அதைவிட முக்கியம்.

பருப்பு குழையட்டும்

நாலு பேருக்கு 50 கிராம் துவரம் பருப்பு போதும். அரை மணி நேரம் ஊறவைத்து, மஞ்சள் தூளும் இரண்டு சொட்டு நல்லெண்ணெயும் விட்டு, விரலில் எடுத்தால் மாவாக நசுங்கும்வரை வேகவிடுங்கள். போர் தண்ணீரில் பருப்பு வேக மறுப்பது பல ஊர்களில் உள்ள தொல்லை. அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை இறுக்கிவிடுகின்றன. குடிநீரில் வேகவைத்தால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

புளியும் தக்காளியும் பருப்போடு சேர்ந்து வேகக் கூடாது. புளிப்பு இருக்கும் இடத்தில் பெக்டின் எளிதில் கரையாது. பருப்பு விறைத்தே நிற்கும். அதனால்தான் பருப்பைத் தனியாகக் குழைய வேகவைத்துக் கடைந்து, கடைசியில் சேர்ப்பது வழக்கம்.

கடைந்த பருப்பை முழுவதும் விடுங்கள். மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் இறுத்து விட்டால் ரசம் நீர்த்துப்போகும். குழந்தைக்குச் சோறு பிசைகிறவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். பருப்பின் சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை தவறு. புரதத்தில் பெரும்பங்கு பருப்பிலேயே தங்குகிறது. குழந்தையின் கிண்ணத்துக்கு மசித்த பருப்பு போக வேண்டும்; தெளிவு மட்டும் போதாது.

இடித்த மணம்

ஒரு டீஸ்பூன் மிளகு, ஒன்றரை டீஸ்பூன் சீரகம், ஒரு டேபிள்ஸ்பூன் மல்லி விதை, ஒரு டீஸ்பூன் துவரம் பருப்பு, இரண்டு மிளகாய் வற்றல். மல்லி, பருப்பு, மிளகாய் மூன்றையும் வெறும் வாணலியில் சிவக்க வறுத்து, மிளகு சீரகத்தை அந்தச் சூட்டிலேயே போட்டுப் புரட்டி, கொரகொரப்பாக இடித்துக்கொள்ளுங்கள். மிளகுக்கும் சீரகத்துக்கும் மணம் தருபவை காற்றில் பறந்துவிடும் எண்ணெய்கள். முழுதாக இருக்கும்வரை அவை உள்ளே பத்திரமாக இருக்கும். இடித்த கணத்திலிருந்து போகத் தொடங்கும். மாதக்கணக்கில் டப்பாவில் இருந்த பொடியில் காரம் மிஞ்சும், வாசனை மிஞ்சாது.

மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக நம்மிடம் வந்தவை. அதற்கு முன்பு நம் சமையலின் முக்கியக் காரம் மிளகுதான். ரசத்தில் மிளகு ஒரு பங்கு கூடியே இருக்கட்டும்.

பெருங்காயம் ஃபெருலா என்ற செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். காலங்காலமாக ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்துதான் வருகிறது. 2020 அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் இங்கே பயிரிடும் முயற்சி தொடங்கியது. கடையில் தூளாகக் கிடைப்பதில் மாவும் கோந்தும் கலந்திருக்கும். கட்டிப் பெருங்காயம் கிடைத்தால் சுண்டைக்காய் அளவு எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை விடுங்கள்.

கொதி வேண்டாம்

நெல்லிக்காய் அளவு புளியை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து, இரண்டு தக்காளியைக் கையால் பிசைந்து போட்டு, உப்பு, பெருங்காயம், கறிவேப்பிலையோடு கொதிக்கவிடுங்கள். ரசத்தில் நன்றாகக் கொதிக்க வேண்டிய கட்டம் இது ஒன்றுதான். பச்சை வாசனை போனதும் இடித்த பொடியைப் போட்டு, கடைந்த பருப்பில் இரண்டு டம்ளர் தண்ணீர் சேர்த்து விளாவி, தீயைத் தணித்துவிடுங்கள்.

இனி அடுப்பை விட்டு நகரக் கூடாது. முதலில் பாத்திரத்தின் ஓரத்தில் கடுகளவு குமிழ்கள் வரும். அவை ஒன்றோடொன்று சேர்ந்து வெளிர் மஞ்சள் நுரையாகி, மெல்ல நடுவை நோக்கிப் படரும். நடுவில் கொஞ்சம் இடம் மூடாமல் இருக்கும்போதே நுரை முழுவதும் ஒருமுறை மேலே எழும்பும். அந்த நொடியில் அடுப்பை அணையுங்கள். இன்னும் இரண்டு நிமிடம் தளதளவென்று கொதித்தால், இடித்துச் சேர்த்த மணமெல்லாம் ஆவியோடு போய்விடும். வீடு முழுக்க ரசம் மணக்கும், கிண்ணத்தில் இருக்காது.

ஒரு டீஸ்பூன் நெய்யில் கடுகு தாளித்துக் கொட்டி, கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு உடனே மூடுங்கள். பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் போதும்.

ஈயச் சொம்பு

ஈயச் சொம்பில் வைத்த ரசத்துக்குத் தனி ருசி என்பார்கள். அது வெள்ளீயத்தில் செய்த பாத்திரம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் அடி ஒழுகிப்போகும். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே ஏற்ற வேண்டும். விலை குறைவு என்று காரீயம் கலந்ததை வாங்கிவிட்டால், புளிப்பில் காரீயம் கரைந்து உணவில் இறங்கும். அது நஞ்சு, குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். வெள்ளீயம்தான் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் எவர்சில்வர் பாத்திரமே போதும். மேலே சொன்ன மணம் எதற்கும் சொம்பு கட்டாயமில்லை.

துவரம் பருப்பின் இடத்தில் பயத்தம் பருப்பு போடலாம். கொங்கு நாட்டில் கொள்ளு ரசம் வைக்கிறார்கள். எந்தப் பருப்பானாலும் முறை ஒன்றுதான். இந்த வாரம் ஒருநாள் பொடிப் பாக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டு, மிளகையும் சீரகத்தையும் நீங்களே இடியுங்கள். நுரை கட்டும்வரை அடுப்பருகே நில்லுங்கள், கட்டியதும் அணைத்துவிடுங்கள். பந்தியில் கை நீட்டி வாங்கிய ரசம் உங்கள் வீட்டிலேயே கிடைக்கும்.