மலர்ச்சாலைக்குச் சொல்லும் முன்

பதுளை மாவட்டத் தோட்டப்புறங்களில் ஒரு மரணம் நிகழ்ந்தால் மரண உதவிச் சங்கத்துக்கும், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும், மலர்ச்சாலைக்கும் முதலில் செய்தி போகிறது; உடலில் பதப்படுத்தும் மருந்து ஏற்றப்பட்டு அது லயத்துக்குத் திரும்பிய பின்னரே, இறந்தவர் கண்தானத்துக்குக் கையெழுத்திட்டிருந்தார் என்பது எவருக்காவது நினைவுக்கு வருவதுண்டு. அந்நேரத்தில் யாரை அழைத்தாலும் பயனில்லை. சட்டம் தடுத்ததால் இழந்த கண்களைவிடத் தாமதத்தால் இழந்த கண்களே அதிகம் என்பதே மருத்துவ வட்டாரத்தின் நெடுநாள் மனக்குறை.

சட்டம் என்ன சொல்கிறது?

இறந்தவரின் உடலிலிருந்து சிறுநீரகம், ஈரல் போன்ற உறுப்புகளையும், திசுக்கள் எனப்படும் விழிவெண்படலம் (கண்ணின் முன்புறத்து ஒளிபுகும் படலம்), தோல், எலும்பு, இதய வால்வு ஆகியவற்றையும் எவருடைய சம்மதத்துடன் எடுக்கலாம் என்பதை இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனிதத் திசுக்கள் மாற்றீட்டுச் சட்டம் வரையறுக்கிறது. வயது வந்த ஒருவர் தம் வாழ்நாளிலேயே சம்மதம் தெரிவிக்கலாம். அவர் எதையும் சொல்லாமல் இறந்திருந்தால் நெருங்கிய உறவினரின் சம்மதம் தேவை. மரண விசாரணைக்கு உட்பட்ட உடலாயின், விசாரணை அதிகாரியின் அனுமதியும் வேண்டும். உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். சம்மதம் இருந்துவிட்டதால் எவரும் எடுத்துவிடலாம் என்பதில்லை. உறுப்புகளை அறுவைச் சிகிச்சை நிபுணர்களே எடுப்பர், கண்களைப் பொறுத்தவரை அதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள் வீட்டுக்கே வந்து எடுத்துச் செல்வதும் வழக்கில் உண்டு. இந்தியாவிலும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2011இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், தகுதி பெற்ற தொழில்நுட்பவியலாளர் விழிவெண்படலத்தை எடுப்பதற்கு இடமளித்தது. மருத்துவரின் வரவுக்காகக் காத்திருந்து கண்களை இழக்கக் கூடாது என்பதற்காகவே இத்தகைய ஏற்பாடுகள் செய்யப்படுகின்றன.

கண் கெடுவது எங்கே தொடங்குகிறது?

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது மிலாறு எனப்படும் குச்சி கண்ணில் குத்துவதும், மருந்தடிக்கையில் நஞ்சு தெறிப்பதும் தோட்டத்தில் புதிதல்ல. புதிதாக இல்லாததனாலேயே அவை அலட்சியப்படுத்தப்படுகின்றன. தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் கண்ணில் விடப்படுகின்றன. பக்கத்து லயத்தில் எவருக்கோ முன்பு எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தின் மீதி தேடி எடுக்கப்படுகிறது. அந்த மருந்தில் ஸ்டீரொயிட் இருந்தால், வலியும் சிவப்பும் சற்றே தணிந்ததுபோல் தோன்றும்போதே உள்ளே பூஞ்சைத் தொற்று பரவி, விழிவெண்படலத்தில் புண் ஆழமாகிவிடுகிறது. ஒரு வாரம் இவ்வாறு கழிந்த பின் வைத்தியசாலைக்கு வரும் கண்ணில் பல வேளைகளில் வெள்ளைத் தழும்பே மிஞ்சுகிறது. அதற்கு மாற்றீடு ஒன்றே வழி. இன்னொருவர் இறந்து தரும் கண்ணைக் கொண்டு ஈடுசெய்ய வேண்டிய இழப்பை ஒரு சொட்டு மருந்துக் குப்பி உண்டாக்குவதை எந்த நியாயத்தாலும் பொறுத்துக்கொள்ள இயலாது.

நம்பிக்கைகளும் அச்சங்களும்

கண்ணைக் கொடுத்தால் மறுபிறவியில் குருடாகப் பிறக்க நேரும் என்ற பேச்சு இன்றும் உண்டு. தன் கண்ணைப் பெயர்த்து இறைவனுக்கு அப்பிய கண்ணப்ப நாயனாரைக் கோயில்தோறும் வணங்கும் சமூகத்தில் இந்த அச்சம் எவ்வாறு வேரூன்றியது என்பது விளங்கவில்லை. இதே நாட்டில் 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கம், 1964இல் சிங்கப்பூருக்கு அனுப்பத் தொடங்கி, பின்னர் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விழிவெண்படலங்களை அனுப்பியிருக்கிறது. முன்னாள் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவின் கண்களும் 1996இல் அவர் இறந்த பின் தானமாயின.

முகம் விகாரப்பட்டுவிடும் என்பதும் தவறு. சுமார் இருபது நிமிடங்களில் வேலை முடிந்து இமைகள் மூடப்பட்டுவிடும், பெட்டியைச் சுற்றி நிற்பவர்க்கு வேறுபாடு தெரியாது. நீரிழிவு, இரத்த அழுத்தம், முதுமை, கண்ணாடி அணிந்திருந்தமை, கண்புரைச் சத்திரசிகிச்சை ஆகியவை பொதுவாகத் தடையல்ல. விசர்நாய்க் கடி நோய், எயிட்ஸ், ஈரல் அழற்சி பீ, சீ, இரத்தப் புற்றுநோய், காரணம் அறியாத மரணம் ஆகியவையே தடைகள். இதற்காக ஓர் இரத்தப் பரிசோதனை செய்யப்படும்.

உறுப்புகள் விலைபோகுமோ என்ற மற்றோர் அச்சம் சற்று நியாயமானது. ஏழைகளின் சிறுநீரகம் விலைபேசப்பட்ட செய்திகள் வெளியானதும், 2016இல் வெளிநாட்டவருக்கான சிறுநீரக மாற்றீடுகள் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டதும் உண்மை. எனினும் அது உயிரோடிருப்பவரை ஏமாற்றிய வணிகம். இறந்த பின் சட்டப்படி வழங்கும் தானத்தில் எவர்க்கும் பணம் கைமாறுவதில்லை. சிறுநீரகம் போன்ற உறுப்புகள் தானமாக எடுக்கப்படும் மூளைச்சாவு நிலையும் வெறும் மயக்கநிலை அன்று. மூளையின் செயல் மீளமுடியாதவாறு நின்றுவிட்டதை மாற்றீட்டுக் குழுவைச் சாராத மருத்துவர்கள் சோதித்துச் சான்றளிப்பர். 2008இல் தமிழ்நாட்டில் மூளைச்சாவடைந்த ஹிதேந்திரன் என்னும் சிறுவனின் உறுப்புகளைப் பெற்றோர் தானம் செய்த பின்னரே, அங்கு இத்தகைய தானம் பரவலான பேச்சாயிற்று. இங்கோ, காரணம் முற்றாகத் தெளியாத சிறுநீரக நோய் ஊவா மாகாணத்தின் கிராந்துருக்கோட்டைப் பகுதியைப் பல ஆண்டுகளாக வாட்டுவதால், ஊவாவில் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போரை வேற்றூரார் என எவரும் ஒதுக்க முடியாது.

குடும்பத்தார் செய்ய வேண்டியது

மரணம் நிகழ்ந்த நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் கண்கள் எடுக்கப்பட வேண்டும். மடுல்சீமையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ பதுளைக்கு வரும் மலைப்பாதையையும் மழைநாளின் மண்சரிவையும் எண்ணினால் அந்த நேரம் மிகச் சிறிது. எனவே இமைகளை மூடி, ஈரப் பஞ்சை அவற்றின் மேல் வைத்து, தலையைத் தலையணையில் சற்று உயர்த்திவிட்டு, மலர்ச்சாலைக்குச் சொல்லும் முன் பதுளை வைத்தியசாலைக்கோ கண்தானச் சங்கத்துக்கோ அறிவிக்க வேண்டும். உடல் பதப்படுத்தப்பட்டுவிட்டால் கண் பயன்படாது.

சம்மதப் படிவத்தைத் தகரப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டுவதால் எவருக்கும் பார்வை கிடைக்காது. வீட்டில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், தோட்டத்தில் மரண உதவிச் சங்கத் தலைவருக்கும் இன்றே வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். கண்ணில் மிலாறு குத்தினால் அன்றைக்கே வைத்தியசாலைக்கு வாருங்கள், தயவுசெய்து எதையும் கண்ணில் விடாதீர்கள்.