காஞ்சி அழைத்து வந்த அரசன்

காஞ்சிக்கு யாத்திரை செல்வோர் வரதரையும் காமாக்ஷியையும் ஏகாம்பரநாதரையும் தரிசித்து, பட்டுக் கடைகளிலும் சற்றுப் பொழுது போக்கித் திரும்புகின்றனர். வைகுந்தப் பெருமாள் சந்நிதிக்குச் செல்வோர் சிலரே. அங்கே திருச்சுற்று மாளிகையின் சுவரை நின்று பார்ப்போர் அதனினும் சிலர். ஆயினும் பல்லவ ராஜ்யத்தின் சரித்திரம் அச்சுவரிலேதான் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் நாயகன், பல்லவமல்லன் என்னும் இரண்டாம் நந்திவர்மன்.

சுமார் 731-ஆம் ஆண்டு. பல்லவ மன்னன் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்துவிட்டான். அரியணை ஏறத் தக்க வாரிசு இல்லை. மேற்கே தலைமுறை தலைமுறையாகப் பகை பாராட்டிய சாளுக்கியர் காத்திருந்தனர். அரசனில்லாத தலைநகரம், கதவில்லாத வீடு போன்றதன்றோ?

அப்போது நடந்ததைச் சிற்பங்களின் அருகே பொறித்த சாசனமே உரைக்கிறது. கடிகை என்னும் கல்விச் சாலையாரும், நாட்டின் முதன்மைக் குடிகளும் ஒன்றுகூடிப் புறப்பட்டனர். சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மனுடைய வழியில் வந்த இரணியவர்மனை அடைந்து, தங்களுக்கு ஓர் அரசன் வேண்டுமென விண்ணப்பித்தனர். அவன் தன் புதல்வர்களை வினவினான். ஸ்ரீமல்லன், ரணமல்லன், சங்கிராமமல்லன் ஆகிய மூவரும் போக மறுத்தனர். நான்காமவன் பல்லவமல்லன் வணங்கி நின்று, “நான் போவேன்” என்றான். அவனுக்கு வயது 12!

தந்தையின் உள்ளம் கலங்கிற்று. பாலகனைப் பகைவர் சூழ்ந்த அரியணைக்கு எப்படி அனுப்புவது? தரணிகொண்ட போசர் என்னும் பெரியவர் தேற்றிய பிறகே இசைந்தான். சிறுவன் மலையும் ஆறும் காடும் கடந்து காஞ்சி சேர்ந்து, நந்திவர்மன் என்ற பெயரோடு முடி சூடினான்.

தந்தை அஞ்சியது வீண் அச்சமன்று. சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் படையெடுத்து வந்து காஞ்சியைக் கைப்பற்றினான். நகரை அவன் அழிக்கவில்லை. கைலாசநாதர் ஆலயத்துச் செல்வத்தையும் இறைவனுக்கே திருப்பி அளித்தான். இதைக் கூறும் கன்னட சாசனம் அவ்வாலயத் தூணிலே உள்ளது. சித்திரமாயன் என்பவனுக்காகத் தமிழ் வேந்தர் திரண்டு நந்திபுரத்தில் நந்திவர்மனை முற்றுகையிட்டதும் உண்டு. சேனாபதி உதயசந்திரன் விரைந்து வந்து சித்திரமாயனைக் கொன்று தன் அரசனை மீட்டான்.

இத்தனை இடர்களையும் தாங்கி, ஏறக்குறைய 65 ஆண்டுகள் அவன் ஆண்டான். அவனது 61-ஆம் ஆட்சியாண்டுப் பட்டத்தாள்மங்கலச் செப்பேடு இன்றும் சான்று பகர்கிறது. அவன் எடுப்பித்த இக்கோயிலைத்தான் திருமங்கையாழ்வார் பரமேசுவர விண்ணகரம் என்று பாடினார்.

வெற்றிகளை மட்டும் செதுக்கி மகிழ்ந்திருக்கலாமே. குடிகள் தன்னைத் தேடி வந்த கதையை ஏன் செதுக்குவித்தான்? ‘உனக்கு ஏது உரிமை?’ என்று கேட்டவர் பலர். பீமவர்மன் வழியைக் காட்டி, குலத்தால் உரிமை உண்டென்றான். அது மட்டும் போதாதென்றும் அறிந்திருந்தான். காசாக்குடிச் செப்பேடு அவனைக் குடிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்கிறது. அச்சுவரே அவனது உரிமைப் பத்திரம். அரசன் தன் புகழுக்காகச் சொன்ன கதைதான். எனினும், மக்களின் சம்மதமே தனக்குப் பெருமை என்று ஒரு மன்னன் எண்ணியதே நமக்குப் பெருமையல்லவா?

இச்சிற்பங்களை முறையாக ஆராய்ந்தவர் ஸி. மீனாக்ஷி என்னும் பெண்மணி. அவர் 1940-ல் இளம் வயதிலேயே காலமானார். அவருடைய நூல் 1941-ல் வெளிவந்தது. மணற்கல்லாதலால் உருவங்கள் தேய்ந்து வருகின்றன. தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் கோயில் இருக்கிறது; ஆயினும் காற்றையும் ஈரத்தையும் முற்றிலும் தடுக்க யாரால் இயலும்?

அடுத்த முறை காஞ்சி செல்லும்போது குழந்தைகளையும் அச்சுவரின் முன் நிறுத்துங்கள். அவர்கள் வயதொத்த ஒரு சிறுவன், மூத்தவர் மூவர் தயங்கிய இடத்தில் “நான் போவேன்” என்றதைச் சொல்லுங்கள். கல் தேய்ந்தாலும் கதை தேயாதிருக்க அதுவே வழி.